மாவ்பிக்காரரோடு ஆடிய ஆமை ஆட்டம்

பதினொரு வயதில் எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. சதுரங்கத்தில் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே இழுத்து, நாலாவது நகர்த்தலில் எதிராளியின் ராஜாவை மடக்கிவிடுவது. எங்கள் கட்டிடத்தின் ஐந்து மாடியிலும் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை அதில் விழுந்திருந்தார்கள். ஒரு தடவை விழுந்தவர்கள் மறுபடியும் விழவில்லை என்பதையும், அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களில் எல்லாம் நான்தான் தோற்றேன் என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, இரண்டு மணி நேரம் ஆடினாலும் முடியாத ஆட்டம் ஒன்றை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள் அக்கா.

அப்போது நாங்கள் ரங்கூனில், கியாக்டடாவில், மூன்றாவது மாடியில் இருந்தோம். ஊரின் பெயர் பலகைகளில் எல்லாம் யாங்கோன் என்று மாறிவிட்டிருந்தது. எங்கள் வாயில் ரங்கூன் ரங்கூனாகவே இருந்தது. அக்கா கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள், அதாவது படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். முதல் வருஷம் முடிவதற்குள், மாணவர் போராட்டம் என்று அரசாங்கம் கல்லூரிகளை எல்லாம் மூடிவிட்டது. மூடி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா தினமும் காலையில் குளித்து, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, போட்ட கணக்கையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் ஒரு பெண் இப்படியே வருஷங்களைக் கழித்தால் அவள் என்ன ஆவாள் என்ற பயம் அவருக்கு.

"காலேஜ் தொறந்துடும்பா" என்பாள் அக்கா.

"மூணு வருஷமா இதையேதான் சொல்றே. தொறக்கறப்போ தொறக்கட்டும்" என்பார் அப்பா.

இந்தச் சமயத்தில்தான் தூரத்து அத்தை ஒருத்தர் மாவ்பியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். ரங்கூனுக்கு வடக்கே, வயலும் சந்தையுமான ஊர் அது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாகக் கடலை எண்ணெய் ஆட்டும் செக்கும் கடையும் இருந்தன. மாப்பிள்ளையின் அப்பா தமிழர், அம்மா பர்மியர். நல்ல குடும்பம்தான். ஆனால் கல்யாணம் ஆகி வரும் பெண் கடையில் உட்கார வேண்டும், படிப்பு கிடிப்பு என்று ரங்கூனுக்குப் போய்வர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அத்தை மாப்பிள்ளையின் குணங்களை விரல் விட்டு எண்ணினார். "குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெத்திலைகூடப் போடறதில்லை. செஸ் ஒண்ணுதான் பைத்தியம். ஆட உக்காந்தா லேசுல எழுந்திருக்க மாட்டான், அதுதான் ஒரு குறை."

நான் அக்காவைப் பார்த்தேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

அவர்கள் பெண் பார்க்க வருவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வது என்றும் பேச்சு. நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை வரை. நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அது முடிவதற்குள் மாவ்பிக்குக் கடைசி பஸ் போய்விடும். அந்த வாரத்தை விட்டால் எங்களுக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் தட்டு மாற்ற மாட்டோம். மாப்பிள்ளையின் அம்மா பக்கம் வாசோ பௌர்ணமி வருகிறது. அன்றிலிருந்து மூன்று மாதம் பர்மியர் வீடுகளில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஆக, அந்த ஒரு மணி நேரம் தப்பினால் மூன்று மாதம் தப்பியது. கல்லூரி விடுதியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று அக்காவின் தோழி ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்று மாதம்தான்.

"நீ ஜெயிக்க வேண்டாம், தோக்கவும் வேண்டாம்" என்றாள் என்னிடம். "நாலரை வரைக்கும் முடியாம பாத்துக்கோ. போதும்."

"நாலு நகர்த்தல்ல முடிச்சுடுவேனே" என்றேன் நான். அவள் என் தலையில் குட்டினாள்.

வீட்டில் ஒரு செஸ் புத்தகம் இருந்தது. பான்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் அப்பா எப்போதோ வாங்கியது. முன்பக்கங்கள் இல்லை. மழைத்தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் பழுப்பு. அக்காவுக்கு ஆடத் தெரியாது, ஆனால் ஆங்கிலம் படிக்க வரும். எனக்கு ஆங்கிலம் வராது, காய் நகர்த்த வரும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் ஆனோம். அவசரமே இல்லாத ஒரு தொடக்கத்தை அக்கா தேடிப் பிடித்தாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஆமை ஆட்டம்.

எந்த நிறம் என் கைக்கு வரும் என்று தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் பழகவேண்டியிருந்தது. காலையில் வெள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கறுப்பு. முதல் மூன்று நகர்த்தல் எல்லோரும் ஆடுவதுதான். நடுச் சிப்பாய், குதிரை, மந்திரி. நாலாவது நகர்த்தலில் என் ராணி பறந்து போகவேண்டிய இடத்தில், ஒரு சின்னச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளச் சொன்னது புத்தகம். அடுத்ததற்கும் அப்படியே, இன்னொரு சிப்பாய், இரண்டு கட்டம் போகக்கூடியது, ஒரு கட்டம். பிறகு ராஜாவை மூலையில் பத்திரப்படுத்தவேண்டும். பிறகு வீட்டில் கட்டிப்போட்டிருந்த குதிரையை எடுத்து, முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, மறுபடி முன்னால் ஒரு அடி என்று மூன்று தாவலில் பலகையின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். கறுப்புக்கோ இதைவிட மோசம். யாரும் விரட்டாதபோதே தன் மந்திரியைப் பின்னால் இழுத்து ஒரு ஓரத்தில் உட்கார்த்திவைக்க வேண்டும்.

"ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்கலையே. இது என்ன ஆட்டம்?" என்று நான் கத்தினேன்.

அக்கா விரலை வரியில் வைத்துப் படித்தாள். ஒரு கட்டத்தில் கறுப்பு தன் இன்னொரு மந்திரியை வெள்ளை மந்திரிக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்தா, வெட்டிக்கோ என்பதுபோல. வெட்டினால் கறுப்பின் யானைக்கு வழி திறந்துவிடும். அதனால் வெட்டாமல் விட வேண்டும். இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்று, வேறு வேறு காய்களைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் பொறுமை இழக்கிறவருக்குத்தான் நஷ்டம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். மூன்றாவது நாள் எனக்கு அது கொஞ்சம் பிடிபட்டது. சும்மா நிற்கிற மாதிரி இருந்த காய்களெல்லாம் என்றைக்கோ வரும் ஒரு நாளைக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தன. புரிந்ததே தவிர, பிடிக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று வருஷமாக அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அவர்கள் படியேறி வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் மகனும். எங்கள் அத்தை முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை ஒல்லியாக, கட்டம் போட்ட லோன்ஜிக் கைலியில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இருந்தார். என் மனதில் அவருக்கு உடனே மாவ்பிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். சாப்பாடு ஆயிற்று. அக்கா காபி கொண்டுவந்து கொடுத்து, கேட்டதற்கு இரண்டு பதில் சொல்லி, அடுப்படிக்குப் போனாள். மாவ்பிக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கூடத்தின் மூலையில் நாங்கள் வேண்டுமென்றே அடுக்கி வைத்திருந்த பலகையைப் பார்த்தார். அதைத்தான் நிறைய நேரம் பார்த்தார்.

"யார் ஆடறது?" என்றார்.

"எங்க சின்னதுதான். கெட்டிக்காரி" என்றார் அப்பா. பாவம், பெருமையில் சொல்லிவிட்டார்.

மாவ்பிக்காரர் இரண்டு கைக்குள்ளும் மறைத்து நீட்டிய சிப்பாய்களில் ஒன்றை நான் தொட்டேன். எனக்கு வெள்ளை வந்தது. மணி இரண்டரை. அரை மணியில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பேச உட்காரலாம் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. அதற்கு மேலே முருகன் படம் போட்ட காலண்டர். நான் திரும்பித் திரும்பி மணி பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு அரை மணிக்கும் அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழும். முதல் கரண்டி மூன்று மணிக்கு விழுந்தபோது, நாங்கள் ஆறு நகர்த்தல்தான் முடித்திருந்தோம். ஒவ்வொரு நகர்த்தலையும் நான் நோட்டில் எழுதினேன். எழுதுகிற நேரமும் நேரம்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். மாவ்பிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டார். நான் என் நோட்டிலேயே நடுத்தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவரும் எழுத ஆரம்பித்தார். என்னைவிட அழகாக, என்னைவிட மெதுவாக எழுதினார்.

நாலாவது நகர்த்தலில் அந்தச் சின்னச் சிப்பாயை நான் ஒரு கட்டம் தள்ளியபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப்பிள்ளை இப்படியா ஆடும் என்று நினைக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஆடியதெல்லாம் நாங்கள் வாரம் பூராவும் படித்த அதே கறுப்பு. யாரும் விரட்டாமலே மந்திரி பின்னால் போனது. ராஜா மூலைக்குப் போனார். இன்னொரு மந்திரி வந்து என் மந்திரிக்கு எதிரில் நின்றது. நான் வெட்டவில்லை. அவரும் வெட்டவில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் அவர் தலையைத் தூக்கி என் தலைக்கு மேலே பார்ப்பார். கஷ்டம் வந்தால் முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறார், பக்தியான மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு இரண்டாவது கரண்டி. "என்னடி, இன்னிக்கு உனக்குக் கை வழுக்குது?" என்று அம்மா அதட்டுவது கேட்டது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் தயாராக இருந்தது. அப்பா தொண்டையைக் கனைத்து, "மிச்சத்தை அப்புறம் ஆடிக்கலாமே" என்றார். இதற்கு என்ன சொல்வது என்று அக்காவும் நானும் யோசிக்கவே இல்லை.

மாவ்பிக்காரர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்ல காரியத்தன்னிக்கு ஆட்டத்தைப் பாதியில விட்டு எழுந்திருக்கக் கூடாதுங்க" என்றார்.

என் அம்மா அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மாவ்பிக்காரரின் அம்மா கையை அசைத்து, "யபாடே, யபாடே" என்றார், பரவாயில்லை என்று. அப்பா உட்கார்ந்துவிட்டார். தன் வாயாலேயே வலையில் வந்து விழுந்த அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நான் கெட்டது அதற்குப் பிறகுதான். குதிரை போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. புத்தகத்தில் நாங்கள் பழகியது அத்தோடு தீர்ந்துவிட்டது. மின்சாரம் போய் விசிறி நின்றது. வேர்த்தது. ஒரு மணி நேரமாகச் சும்மா நின்ற என் ராணியைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. பழைய புத்தி போகுமா? ராணியைத் தூக்கி நடுவில் வைத்தேன். வைத்து விரலை எடுத்த மறு நொடியே தெரிந்துவிட்டது. அவருடைய குதிரை ஒரு தாவு தாவினால் என் ராஜாவுக்கு முற்றுகை, அதோடு ராணியும் மாட்டும். நான் ராஜாவை நகர்த்துவேன், அவர் ராணியை எடுப்பார், பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது கரண்டி இன்னும் விழவில்லை, நாலு மணிகூட ஆகவில்லை. அடுப்படித் திரையின் இடுக்கில் அக்காவின் கால்விரல்கள் தெரிந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரிய கெட்டிக்காரி என்று இத்தனை நாள் திரிந்தவள், ஒரு அரிப்பில் அக்காவின் படிப்பைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாவ்பிக்காரரின் கை வந்தது. அந்தக் குதிரையின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. தொட்டால் ஆடியாக வேண்டும் என்பது விதி. தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டு, மோவாயில் வைத்துக்கொண்டார். முருகனைப் பார்த்தார். மூன்றாவது கரண்டி விழுந்தது. அப்புறமும் யோசித்தார். கடைசியில் ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, நிதானமாகத் தாளில் எழுதிக்கொண்டார்.

கவனிக்கவில்லை, மண்டு! எனக்கு உயிர் வந்தது. ராணியைப் பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்குப் பிறகு நான் யானையை முன்னே வைத்தேன், பின்னே வைத்தேன். அவரும் யானையை முன்னே வைத்தார், பின்னே வைத்தார். அப்பா எழுந்து மாடத்தில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை விசிறிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நாலாவது கரண்டி விழவில்லை. ஒரு பாத்திரமே விழுந்தது. அது உருண்டு ஓய்வதற்குள் மாவ்பிக்காரர் கையை நீட்டி, "தங்கச்சி, சமம்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். தட்டை அம்மா உள்ளே எடுத்துப் போனாள். ஆடியும் வாசோவும் கழியட்டும், பேசிக்கொள்வோம் என்று பெரியவர்கள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள். படியிறங்கும்போது மாவ்பிக்காரர் பின்தங்கி நின்று என்னிடம், "ரொம்ப நல்லா ஆடினே, தங்கச்சி. ரொம்ப நன்றி" என்றார். ஜெயிக்காத ஆட்டத்துக்கு நன்றி சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அடுப்படியில் என்னைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

சில வாரங்களில் கல்லூரி திறந்துவிட்டது. முதல் நாள் அப்பாவே பஸ் நிறுத்தம் வரை கூடப் போய், பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பது முகத்திலேயே தெரிந்தது. மாவ்பிப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை.

அம்மா மட்டும் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவிடம், ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தால் என்ன கெடுதல் என்று கேட்டாள். அப்படி ஒன்று எங்களிடம் இல்லவே இல்லையே என்றார் அவர். பிறகு அத்தை மூலம் தெரிந்தது, மாப்பிள்ளையின் அம்மா அதைத் தமிழர் வழக்கம் என்று நினைத்து மதித்திருக்கிறார். நாங்கள் பர்மியர் வழக்கம் என்று நினைத்து மதித்தோம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நின்ற மாப்பிள்ளையின் அப்பா, மனைவி வழி வழக்கம் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வாசோ நோன்பு மாதங்கள் கழிந்து தடின்ஜுத் பண்டிகை விளக்குகள் ஏற்றிய கையோடு மாவ்பியிலிருந்து ஒரு பெட்டி இனிப்பு வந்தது. அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பர்மியப் பெண்ணை அவர் கட்டிக்கொண்டாராம். "பாவம், கிடைச்ச இடத்துல முடிச்சுட்டான்" என்றாள் அம்மா. ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று அக்காவும் நானும் கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். அவருடைய இனிப்பையும் தின்றோம்.

போன வருஷம் நான் ரங்கூனுக்கு, அப்பா அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது பரணிலிருந்து அந்த நோட்டு கிடைத்தது. கூடத்தில் பலகையை விரித்து, எழுதியிருந்தபடியே காய்களை நகர்த்தினேன். என் பழைய இடத்தில் இப்போது அப்பாவின் கட்டில் கிடக்கிறது. அதனால் எதிர்ப்பக்கம், மாவ்பிக்காரர் இடத்தில் உட்கார்ந்தேன். ராணி நடுவில் வந்து நின்ற இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். குதிரையின் தாவல் கண்ணைக் குத்தியது. ஆடத் தெரிந்த எவருக்கும் அது தெரியாமல் போகாது. அவர் யோசிக்கும்போது எங்கே பார்த்தாரோ அங்கே நானும் நிமிர்ந்து பார்த்தேன். முருகன் காலண்டர் மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. அதற்குக் கீழே, அன்றைக்கு இருந்த இடத்திலேயே, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "அந்த அர்ச்சனை வீண்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் அவள் மனதில் அந்த மனிதர் ஒரு முள்ளாக இருந்தது எனக்கு அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரம் காலையில் வெள்ளையும் சாயங்காலம் கறுப்புமாக இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடியவள் நான். ஆனால் எனக்கு எதிரில் இருந்த ஆளுக்கும் நாலரை மணி ஆகவேண்டியிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.